ஏழு நாற்காலிகளும் ஒரு ஜோடிச் செருப்பும்

தும்பிப்பாளையம் கோர்ட்டின் பின்கட்டு அறையில், கரையான் அரித்த வழக்குக் கட்டுகளுக்கு நடுவே அறுபது வருஷத்துக்கும் மேலாக அடைந்து கிடந்த ஏழு தேக்கு நாற்காலிகள், ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, மாதையன் சாவு வழக்கை டவாலி மூன்று முறை கூவி முடித்ததும், மரத்துப்போன கால்களை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டு எழுந்து, படியிறங்கி, புளியமரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருந்தவர்களைச் சுற்றிக்கொண்டு, கடைவீதிக்குள் நடந்து போயின. வாசலில் நின்ற ஏட்டு தன் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி அவற்றுக்கு வழிவிட்டார். ஒரு லாரிக்காரன் மட்டும் ஹாரன் அடித்தான், அவன் வெளியூர்க்காரன்.

விஷயம் இன்னதென்று மனு எழுதுகிறவர்களில் வயதான ஒருவர் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய வழக்குகளில் ஜட்ஜ் தனியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டாராம். ஊர்க்காரர்கள் ஏழு பேரைக் கூட்டிவந்து வரிசையாக உட்காரவைத்து, குற்றமா இல்லையா என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்வார்களாம். அதற்கு ஜூரி என்று பெயராம். பின்னால் சர்க்கார் அதை எடுத்துவிட்டது, நாற்காலிகளை மட்டும் எடுக்க மறந்துவிட்டது. "இப்ப அதுங்களே ஆள் கூப்பிடப் போயிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் பேனா மூடியைத் திறந்து அடுத்த மனுவை எழுத ஆரம்பித்தார். ஜட்ஜம்மாவும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. நாற்காலிகள் நிரம்பி வரும்வரை வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாதையன் வழக்கு என்னவென்று ஊரில் தெரியாதவர்கள் இல்லை. ஊரில் பாதிப் பேர் குழந்தைவேலின் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்குள் வேலை பார்த்தார்கள், மீதிப் பாதிப் பேர் அந்தப் பாதிப் பேருக்கு டீயும் சோப்பும் விற்றார்கள். ஆலையில் குச்சிக்கிழங்குக்குத் தோல் உரிக்கிற இரும்பு உருளை ஒன்று, லாரி நீளத்துக்கு, ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கிற அகலத்துக்கு இருக்கும். கிழங்கு சிக்கிக்கொண்டால் யாராவது உள்ளே இறங்கி எடுத்துவிட வேண்டும். இறங்குகிறவன் தன் செருப்பை உருளைக்குக் கீழே, முனை உருளையைப் பார்த்தபடி, சேர்த்து விட்டுவிட்டுப் போவான். செருப்பு அங்கே இருந்தால் சுவிட்சில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அந்த ஆலையில் அதற்குப் பூட்டும் கிடையாது, விளக்கும் கிடையாது, செருப்புதான் எல்லாம். பங்குனி மாதம் ஒரு நாள் மாதையன் உள்ளே இருக்கும்போது உருளை சுற்றியது. குடித்துவிட்டுச் செருப்புக்கூட விடாமல் இறங்கினான், உள்ளே ஆள் இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்றார் குழந்தைவேல். செருப்பு இருந்ததா இல்லையா என்பதுதான் மொத்த வழக்கும்.

இருந்தது. அதைப் பார்த்தவன் அர்த்தனாரி.

அர்த்தனாரிக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே பிளெக்ஸ் பேனர் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் வருகை, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அவனிடம்தான் வர வேண்டும். அன்றைக்கு ஆலை முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்காக ஆலை கேட்டில் வரவேற்பு பேனர் கட்ட ஏணியில் ஏறி நின்றான். ஏணி உச்சியிலிருந்து பார்த்தால் தகரக் கூரைக்குக் கீழே உருளை நன்றாகத் தெரியும். குழந்தைவேல் வேகமாக வந்ததையும், லோடு ஏன் நிற்கிறது என்று கத்தியதையும், மேஸ்திரி பேசாமல் கீழே விரலைக் காட்டியதையும், குழந்தைவேல் குனிந்து அந்த நீலவார் செருப்பைப் பார்த்ததையும், பார்த்துவிட்டு, "இன்னேரம் ஏறி வந்திருப்பான்" என்று சொல்லிக் காலால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் கையாலேயே சுவிட்சைப் போட்டதையும் அர்த்தனாரி பார்த்தான். அதன்பிறகு அவன் என்ன செய்தான் என்றால், பேனரின் நான்காவது மூலையையும் கட்டி முடித்துவிட்டுத்தான் ஏணியிலிருந்து இறங்கினான். இதை அவன் பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டதுண்டு. அன்று மத்தியானம் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவனை அவன் மனைவி வசந்தாமணி உலுக்கிக் கேட்டபோது அவளிடம் மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னான்.

நாற்காலிகள் ஏழும் ஏழு தெருவுக்குப் போய், ஏழு வீட்டு வாசலில், வீட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டன. அவ்வளவுதான் அவை செய்தது. கூப்பிடவில்லை, கதவைத் தட்டவில்லை. கழுவிவிட்டால் நனைந்துகொண்டு நின்றன. துணி காயப்போட்டால் சுமந்துகொண்டு நின்றன. தூக்கிக்கொண்டுபோய் ஏரியில் போட்டுவிட்டு வந்தவர்கள் திரும்பி வருவதற்குள், நாலு காலிலும் சேறு வடிய, அவர்களுக்கு முன்னால் வந்து நின்றன. போட்டோ எடுப்பதற்காக ஒன்றின்மேல் உட்கார்ந்த வார்டு கவுன்சிலரை நாற்காலி முன்பக்கமாகக் கவிழ்த்துச் சாக்கடையில் தள்ளியது. அந்த வீட்டு மனிதர்கள் உட்கார்ந்தால்தான் ஒத்துக்கொள்ளும் என்று ஊர் புரிந்துகொண்டது. ஆனால் அந்த வீட்டு மனிதர்கள் யாரும் உட்காரவில்லை. குற்றம் என்று சொன்னால் ஆலையை விட்டுப் போக வேண்டும், குற்றமில்லை என்று சொன்னால் மாதையன் பெண்டாட்டி கோவிந்தம்மாளின் முகத்தில் தினம் விழிக்க வேண்டும், இரண்டும் வேண்டாம், நம் வாசலை விட்டு இந்தச் சனியன் அடுத்த வாசலுக்குப் போனால் போதும் என்று ஏழு வீடும் சாமி கும்பிட்டது, அடுத்த வாசல்காரர்கள் அதைவிடப் பலமாகக் கும்பிட்டார்கள்.

வழி காட்டியது மளிகைக்கடை நாச்சிமுத்து. வேண்டுமென்று காட்டவில்லை, நான்காம் நாள் அவருடைய பெரியப்பா நிஜமாகவே இறந்துபோனார். பாடையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நின்ற நாற்காலி ஒரு அடி பின்வாங்கி, மெதுவாகத் திரும்பி, எதிர் வீட்டுக்குப் போய்விட்டது. சாவு விழுந்த வீட்டு ஆளைச் சபைக்குக் கூப்பிடக் கூடாது என்கிற முறை அதற்குத் தெரிந்திருந்தது. எதிர் வீட்டுக்காரர் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். சாயங்காலத்துக்குள் கரூரில் இருக்கும் தன் அத்தை காலமாகிவிட்டதாக அவர் தெருவில் நின்று அழுதார். நாற்காலி அசையவில்லை. மறுநாள் அர்த்தனாரியிடம் வந்து, அத்தையின் படத்தைப் போட்டு, தோற்றம், மறைவு தேதிகளைப் போட்டு, இரண்டு புறாக்களையும் பறக்கவிட்டு, ஆறடிக்கு எட்டடியில் ஒரு கண்ணீர் அஞ்சலி அடித்து மின்கம்பத்தில் கட்டினார். கட்டி முடித்த நிமிஷமே நாற்காலி கிளம்பிவிட்டது. நாற்காலிக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்தது, அது போதும்.

அதன்பிறகு தும்பிப்பாளையத்தில் விழுந்த சாவுகளை எண்ணி முடியாது. மாமனார்கள் செத்தார்கள், சித்திகள் செத்தார்கள், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன்கள் முதல் வாரத்திலேயே செத்தார்கள். நாற்காலி வரட்டும் என்று காத்திராமல் முன்கூட்டியே சாகடித்து வைத்தவர்களும் உண்டு. தீட்டு பதினாறு நாளில் கழிந்துவிடுமே, பதினேழாம் நாள் திரும்ப வந்தால் என்ன செய்வது என்று யோசித்து, அடுத்தடுத்து யார் சாவது என வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டார்கள். செத்தவர்கள் வெளியே தலை காட்டக் கூடாது, காட்டினால் நாற்காலி கண்டுகொள்ளும் என்று ஊர்ப் பெரியவர்கள் கட்டளை போட்டார்கள். அதனால் அவர்கள் உள் அறையில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். துக்கம் விசாரிக்கப் போனவர்களுக்கு, "சர்க்கரை ரெண்டாவது டப்பாவுல இருக்குது" என்று இறந்துபோன அம்மாவின் குரல் சமையலறையிலிருந்து கேட்டது. கேட்டவர்கள் கேட்காத மாதிரி காப்பியைக் குடித்துவிட்டு, நல்ல மனுஷி, போய்ச் சேர்ந்துட்டாங்க என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள்.

அரைகுறையாகச் செய்தால் பலிக்காது என்று சடங்குகளையும் விடாமல் செய்தார்கள். அப்பனைச் சாகடித்தவன் மீசையை எடுத்தான். பெண்டாட்டியைச் சாகடித்தவனுக்கு ஏரிக்கரையில் அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். சலூன் சடகோபன் காலையிலிருந்து சாயங்காலம்வரை கத்தியும் கையுமாக அலைந்தார். இவ்வளவுக்கும் நடுவில் உண்மையிலேயே செத்துப்போன மாதையனைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. பேச நேரமில்லை, எல்லார் வீட்டிலும் துக்கம்.

அர்த்தனாரியின் மெஷின் சூடு ஆறவே இல்லை. புறாக்கள் பறந்தபடி இருந்தன. இத்தனை பேருக்கும் அடித்துக் கொடுக்கிற தன்னை நாற்காலி விட்டுவிடும் என்று எப்படியோ அவன் நம்பினான். இரண்டாவது வாரம் வியாழக்கிழமை, பக்கத்து வீட்டு மாமியார் பேனர் ஏறிய கையோடு, அங்கே நின்ற நாற்காலி நாலு எட்டு வைத்து அவன் வாசலுக்கு வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே காலெடுத்து வைத்தவன், அதன் கைப்பிடியில் இடித்துக்கொண்டு நின்றான்.

அவனுக்குச் சாகடிக்க ஆளில்லை. அப்பாவும் அம்மாவும் பல வருஷத்துக்கு முன்பே, பேனர் இல்லாத காலத்தில், ஒழுங்காகச் செத்துப்போயிருந்தார்கள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது, பிள்ளை கிடையாது. இருந்தது வசந்தாமணி ஒருத்திதான்.

"உக்காந்துருங்க" என்றாள் அவள். "பேசாம உக்காந்துருங்க. செருப்பு இருந்துச்சு, நான் பார்த்தேன்னு சொல்லிருங்க. ஒரு வார்த்தைதானுங்களே."

"சொல்லிட்டு அப்புறம் எந்த ஊர்ல போயிப் பொழைக்கிறது?"

"ஏன், பேனர் இல்லாத ஊரு இருக்குதா?"

"உனக்கென்ன, வீட்டுக்குள்ள இருக்கிற. ஆலை ஜீப்பு தினம் நம்ம கடை வாசல்லதான் நிக்குது தெரியுமா?"

மத்தியானம் அவள் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது, கம்ப்யூட்டர் திரையில் தன் முகம் இருப்பதைப் பார்த்தாள். தங்கை கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்றவர்களை எல்லாம் வெட்டிவிட்டு அவளை மட்டும் தனியாக எடுத்து, மேகத்துக்குள் வைத்து, இரண்டு பக்கமும் புறாவை வைத்திருந்தான். ஒரு புறா கொஞ்சம் கோணலாக இருந்ததைச் சரி செய்துகொண்டிருந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேனே என்று அவளுக்குத் தோன்றியது, அப்படித் தோன்றியதும் அழுகை வந்தது, அழுகையை அடக்கிக்கொண்டு தூக்குச்சட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"பொறந்த வருசம் தப்பு" என்றாள். "ரெண்டு வருசம் கூடப் போட்டிருக்கீங்க."

அவன் திரும்பிப் பார்க்காமலே திருத்தினான். மறுநாள் காலை ஏரிக்கரையில் சடகோபன் அவன் வேட்டியை லேசாகத் தளர்த்தி, கல்யாணத்துக்கு முன்பிருந்தே கட்டியிருந்த கறுப்பு அரைஞாண் கயிற்றை அறுத்துத் தண்ணீரில் போட்டார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்தபோது வாசலில் நாற்காலி இல்லை.

அதற்குள் ஊரில் தீட்டில்லாத வீடே இல்லாமல் போயிருந்தது. ஏழு நாற்காலிகளும் போக வீடில்லாமல் பேருந்து நிலையத்துக்குப் போய், டவுன் பஸ் நிற்குமிடத்தில் வரிசையாக நின்றன. இனி வழக்கு தானாகச் செத்துவிடும் என்று குழந்தைவேலின் ஆட்கள் இனிப்பு வாங்கினார்கள். ஊர் அந்த இனிப்பை வாங்கிச் சாப்பிட்டது, துக்க வீட்டில் இனிப்புச் சாப்பிடக் கூடாது என்பது அன்றைக்கு மட்டும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

வசந்தாமணி செத்த ஐந்தாம் நாள், காலை பதினொரு மணிக்கு, கோவிந்தம்மாள் துக்கம் கேட்க வந்தாள். ஊரே ஆடுகிற நாடகம் அவளுக்குத் தெரியாது. புருஷன் போனதிலிருந்து அவளோடு யாரும் பேசுவதில்லை, ஆகவே யாரும் சொல்லவும் இல்லை. பேனரைப் பார்த்தாள், அதை நம்பினாள். அந்த மொத்த ஊரிலும் அர்த்தனாரியின் பேனரை நம்பிய ஒரே ஆள் அவள்தான். வாசலில் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, உள்ளே வந்து, காலி நடையில் உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அர்த்தனாரி என்ன செய்வதென்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எம்புருசன் கெடந்த அன்னைக்கு ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து குடுத்தவ நீதானே தாயி" என்று அழுதாள் கோவிந்தம்மாள். "ஆலைக்காரனுக்குப் பயந்துக்கிட்டு அத்தனை பேரும் கதவைச் சாத்துனாங்களே, நீ மட்டும் வந்தியே. உன்னையுமா கொண்டுக்கிட்டுப் போகோணும்? இந்த ஊருல எனக்குன்னு இனி யாரு இருக்கா?"

உள்ளே அம்மியடியில் உட்கார்ந்து வசந்தாமணி அதைக் கேட்டாள். தனக்கு விழுந்த ஒப்பாரியை முழுசாகக் கேட்டாள். உயிரோடிருக்கிறவர்கள் காதில் விழக் கூடாத பேச்சு அது. கேட்கக் கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது, உடம்பெல்லாம் கூசியது. கையைக் கழுவிவிட்டு நடைக்கு வந்து நின்றாள். கோவிந்தம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பயப்படவில்லை.

"இருக்கியா" என்றாள்.

"இருக்கேங்க்கா."

"சரி, இரு. நல்லா இரு." கோவிந்தம்மாள் கண்ணைத் துடைத்து முடியை அள்ளி முடிந்துகொண்டாள். "அவருக்கும் பேனரு உங்க கடையிலதான் அடிச்சேன். அவரும் இப்பிடி உள்ளார இருந்து எந்திரிச்சு வந்தா எப்படி இருக்கும்னு நெனச்சேன். அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல."

அவள் போனதும் வசந்தாமணி சேலையை மாற்றிக்கொண்டாள். அர்த்தனாரி வாசலை மறித்து நின்றான்.

"எங்க போற? நீ வெளிய வரக் கூடாது."

"செத்தவளுக்கு என்னங்க பயம்? ஆலைக்காரன் என்னைய என்ன பண்ணுவான், இன்னொருவாட்டியா கொல்லுவான்?"

பட்டப்பகலில், கடைவீதி வழியாக, தன் பேனருக்குக் கீழேயே நடந்து போய், பேருந்து நிலையத்தில் நின்ற நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தாள். அது அவளைக் கவிழ்க்கவில்லை. லேசாக அசைந்து அவள் எடைக்குத் தகுந்தபடி காலை அகட்டிக்கொண்டது. பெண்பிள்ளை உட்காரலாம் என்பது அதுவரை ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. செய்தி வீடு வீடாகப் போனது, உள் அறைகளில் டிவி பார்த்துச் சலித்திருந்த செத்தவர்களின் காதிலும் விழுந்தது. ரேஷன் கடைக்காரரின் அத்தை கரூரிலிருந்து பஸ்ஸில் வந்து, இறங்கிய இடத்திலேயே இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு மாமியார் வந்தாள். அண்ணனால் சாகடிக்கப்பட்ட தம்பி வந்தான், மருமகனால் சாகடிக்கப்பட்ட மாமனார் இரண்டு பேர் வந்தார்கள், கடைசியாக ஒரு சித்தி, பேரனை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்தாள். ஏழும் நிரம்பியதும் நாற்காலிகள் அவர்களைச் சுமந்துகொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, கோர்ட்டை நோக்கி நடந்தன. கடைவீதியில் டீக்கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார்.

வழக்கு மூன்று நாள் நடந்தது. சாட்சி சொல்ல வந்த மேஸ்திரி செருப்பைப் பற்றி எதுவும் ஞாபகமில்லை என்றான். மூன்றாம் நாள் ஜட்ஜம்மா ஏழு பேரையும் பார்த்துக் கேட்டார். குற்றம் என்றாள் வசந்தாமணி. குற்றம், குற்றம் என்று ஏழு குரலும் வரிசையாகச் சொல்லி முடித்தது. குழந்தைவேல் தன் வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"செருப்பு இருந்தது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?" என்று ஜட்ஜம்மா கேட்டார்.

"பார்த்தவர் ஒருத்தர் இருக்கிறாருங்க. அவரே சொல்லட்டுமுங்க" என்றாள் வசந்தாமணி. அர்த்தனாரியின் பெயரைச் சொல்லவில்லை. கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் இருந்த அவனைப் பார்க்கவும் இல்லை. அவனுக்காகச் சாட்சி சொல்கிற இடத்தைக் காலியாக விட்டு வைத்தாள், அவ்வளவுதான்.

குழந்தைவேலின் வக்கீல் எழுந்தார். சுருட்டி வைத்திருந்த ஏழு பேனர்களைக் கோர்ட் தரையில் ஒவ்வொன்றாக விரித்தார். ஏழு முகங்கள், பதினான்கு புறாக்கள். "கனம் நீதிபதி அவர்களே, இந்த ஏழு பேரும் இறந்துவிட்டார்கள். ஊருக்கே தெரியும். இறந்தவர்கள் சொல்லும் தீர்ப்பு எப்படிச் செல்லும்? பேனரை அச்சடித்தவரையே கூப்பிட்டுக் கேளுங்கள்" என்றார்.

அர்த்தனாரி கூண்டில் ஏறினான். பேனர்களின் கீழ் மூலையில் அவன் கடைப் பெயரும் போன் நம்பரும் பளிச்சென்று இருந்தன. நீங்கள் அடித்ததுதானே என்று வக்கீல் கேட்டார், தலையாட்டினான். இந்த அம்மாள் உங்கள் மனைவியா என்று கேட்டார், தலையாட்டினான். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். அர்த்தனாரி வாயைத் திறந்தான். பொய்யாக அடித்தேன், செருப்பை நான் பார்த்தேன், நீலவார் என்று சொல்வதற்கு எல்லாச் சொற்களும் நாக்கில்தான் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே ஆலை ஜீப் நின்றது. அதன் டிரைவர் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேச முடியவில்லை போலிருக்கிறது, துக்கம் அப்படி" என்றார் வக்கீல். "பரவாயில்லை, பேச வேண்டாம். பெண்டாட்டி உயிரோடு இருக்கிறவன் இடுப்பில் அரைஞாண் இருக்கும், இல்லையா? சட்டையை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கள்."

அர்த்தனாரி சட்டையைத் தூக்கினான்.

இடுப்பைச் சுற்றிக் கயிறு கிடந்த இடத்தில், பல வருஷம் வெயில் படாத ஒரு வெளுத்த கோடு மட்டும் இருந்தது. கோர்ட்டில் இருந்த எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வசந்தாமணியும் பார்த்தாள், இப்போது நன்றாகவே பார்த்தாள். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து ஜட்ஜம்மாவைக் கும்பிட்டாள்.

"அவர் காட்டுனது சரிதானுங்க. நான் செத்துத்தான் போனேன். எங்க வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டாருங்க" என்றாள்.

தீர்ப்பு செல்லாது என்று எழுதப்பட்டது. குழந்தைவேல் அன்று மாலையே ஆலைக்குப் போய் உருளையை ஓடவிட்டார். செத்தவர்களில் ஆறு பேர் அவரவர் வீட்டுக்குத் திரும்பி, தீட்டு கழிந்ததும் பிழைத்துக்கொண்டார்கள். சிலரை வீட்டில் வேண்டா வெறுப்பாகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். வசந்தாமணி திரும்பவில்லை. ஆலைக்குப் பின்னால், கழிவுநீர் வாய்க்கால் ஓரம் இருக்கிற கோவிந்தம்மாளின் ஓட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து காலையில் இட்லி சுட்டு விற்றார்கள். அர்த்தனாரி ஒரு தடவை போய் நின்றான். வீட்டுக்கு வா என்றான். அவள் தட்டில் இட்லி வைத்து நீட்டி, "சட்னியா, சாம்பாருங்களா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்றவர்களிடம் கேட்ட அதே குரல். அவன் தட்டை வாங்காமல் திரும்பி வந்தான்.

நாற்காலிகளில் ஆறு பின்கட்டு அறைக்குப் போய்ப் பழையபடி கரையானோடு படுத்துக்கொண்டன. ஏழாவது மட்டும் நடந்து அர்த்தனாரியின் வாசலுக்கு வந்து நின்றது. வழக்கே முடிந்துவிட்டது, இனி இதற்கு இங்கே என்ன வேலை என்று அவன் ஊராரிடம் கேட்டான். அவர்களுக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போகும்போது எல்லாரும் எதிர்ச் சாரியில் ஏறிப் போனார்கள். ஒரு நாள் மத்தியானம், தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அவன் அதில் உட்கார்ந்து பார்த்தான். அது அவனைக் கவிழ்க்கவில்லை, எங்கேயும் கூட்டிப்போகவும் இல்லை. சும்மா இருந்தது. உட்கார்ந்திருக்க முடியாமல் அவனே எழுந்துவிட்டான். கடையில் வாங்கின புது அரைஞாண் கயிறு அவன் சட்டைப் பையிலேயே கிடந்தது. அதை எந்த முறையில், யார் கையால் கட்டிக்கொள்வது என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

மறு பங்குனியில், மாதையன் செத்து ஒரு வருஷம் ஆகும்போது, கோவிந்தம்மாளும் வசந்தாமணியும் கடைக்கு வந்தார்கள்.

"நினைவு நாளுக்கு ஒரு பேனரு அடிக்கோணுமுங்க" என்றாள் வசந்தாமணி. முன்பின் தெரியாத கடைக்காரரிடம் பேசுகிற மரியாதை. "படம் இது. போன வருசம் 'ஆலை உருளையில் மாண்ட'ன்னு எழுதச் சொன்னதுக்கு, நீங்க 'அகால மரணமடைந்த'ன்னு மாத்திட்டீங்களாமே, அக்கா சொன்னாங்க. இந்தவாட்டி சொன்னபடி எழுதுங்க."

அவன் எழுதினான். வழக்கமான புறாக்களை இழுத்து வந்து படத்தின் பக்கத்தில் விட்டான்.

"புறா வேண்டாமுங்க" என்றாள் கோவிந்தம்மாள். மடியில் இருந்த துணிப்பையை அவிழ்த்து ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நீலவார். ஒரு வாரில் பிய்ந்த இடத்தில் ஊக்குப் போட்டிருந்தது. "வழக்கு முடிஞ்சப்புறம் ஆலைக் குப்பையில தேடி எடுத்தேன். இதைப் போட்டோ புடிச்சு கீழ போடுங்க. முனை அவரு மூஞ்சியப் பார்த்தாப்புல இருக்கோணும்."

அவன் போனில் படம் எடுத்தான். திரையில் கொண்டுவந்து வைத்தான். கண்ணீருடன் என்று அடித்து, யார் பெயரெல்லாம் போட வேண்டும் என்று கேட்டான். வசந்தாமணி அந்த ஏழு பேருடைய பெயர்களையும் சொன்னாள். ஆறு பெயர்களை அடித்துவிட்டு, ஏழாவது பெயரில் அவன் விரல் நின்றது.

"முன்னால அமரர்னு போட்டுக்குங்க" என்றாள் அவள். "ஏழு பேருக்குமே. நீங்க அடிச்சதுதானுங்களே, மாத்த வேண்டாம்."

அவன் போட்டான். மெஷின் ஓட ஆரம்பித்தது. மாதையனின் நெற்றி வந்தது, கண் வந்தது, பிறகு நீலவார் வந்தது, பிறகு அமரர் வசந்தாமணி வந்தாள். இரண்டு பெண்களும் பக்கத்தில் நின்று, பேனர் முழுசாக வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வசந்தாமணி கீழ் மூலையைத் தூக்கிப் பார்த்தாள். அவன் கடைப் பெயரும் போன் நம்பரும் எப்போதும் இருக்கிற இடம் அது. தும்பிப்பாளையத்தில் அவன் அடித்த அத்தனை பொய்ச் சாவிலும் பளிச்சென்று இருந்த பெயர் இதில் இல்லை. அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

அவள் பேனரைச் சுருட்டி, கோவிந்தம்மாளிடம் ஒரு முனையைக் கொடுத்தாள். இரண்டு பேரும் அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஆலை கேட்டை நோக்கி நடந்தார்கள். ஏணி வேண்டுமா என்று அர்த்தனாரி கேட்க நினைத்தான், அதற்குள் அவர்கள் தெருமுனை திரும்பிவிட்டார்கள்.

கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனான். வாசலில் நாற்காலி கதவைப் பார்த்தபடி நின்றது. அவன் வழக்கம்போல உடம்பைப் பக்கவாட்டில் ஒடுக்கிக்கொண்டு, அதன்மேல் படாமல் உள்ளே போனான்.